‘தந்திரமாகக் கையாள்பவர்’ என்று எழுதலாமா?

வாசகி ஒருவரின் கடிதம்:

நான் கொழும்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் நிருவாகப் பிரிவில் இருக்கிறேன். தமிழ் மொழிபெயர்ப்பும் என் பொறுப்புத்தான். இந்த வருட மதிப்பீட்டுப் படிவத்தில், வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் ஒருவரைப் பற்றி முகாமையாளர் ஆங்கிலத்தில் ‘டெக்ட்ஃபுல்’ (tactful) என்று பாராட்டி எழுதியிருந்தார். அதை நான் ‘பிரச்சினைகளைத் தந்திரமாகக் கையாள்பவர்’ என்று தமிழாக்கினேன். அந்த ஊழியர் படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, “மிஸ், நான் யாரிடம் என்ன தந்திரம் செய்தேன்?” என்று கேட்டார். ‘இராஜதந்திரமாக’ என்று திருத்தினேன். “அவர் என்ன தூதுவரா?” என்றார் முகாமையாளர். எந்தச் சொல் சரி? இழப்பீட்டுக் கோரிக்கைகளை மறுக்கும் கடிதங்களையும் நான்தான் எழுதுகிறேன். அவற்றை மனம் நோகாமல் எழுதுவது எப்படி என்றும் சொல்லுங்கள். (வெள்ளவத்தை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஊழியர் வந்து கேட்டது முழுக்க நியாயம். ‘தந்திரம்’ என்ற சொல்லை ஒரு மனிதர் மேல் வைத்தால், தமிழ்க் காதுக்கு முதலில் நினைவு வருவது காக்கையிடம் வடையைப் பறித்த நரிதான். மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வரும் எந்தத் தரகரும் ‘தந்திரமான பிள்ளை’ என்று சொல்ல மாட்டார். பாராட்டு எழுதிய இடத்தில் நீங்கள் அறியாமலே ஒரு குற்றச்சாட்டு உட்கார்ந்துவிட்டது. அது அவருடைய கோப்பில் வருடக்கணக்கில் கிடக்கும் என்பதால், சொல்லை மாற்றுவதோடு படிவத்தையும் திருத்த வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பிழை பெரும்பாலும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் குழப்புவதால் வருகிறது. ‘டெக்ட்’ (tact) வேறு, ‘டெக்டிக்’ (tactic) வேறு. முன்னது தொடுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எங்கே தொட்டால் வலிக்கும் என்று அறிந்து தொடுகிற கை அது. பின்னது படைகளை அணிவகுத்து நிறுத்தும் கலையைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அதற்கு இலங்கைத் தமிழில் ‘தந்திரோபாயம்’ என்ற சொல் நிலைத்துவிட்டது. அதற்கு மேலே உள்ள பெருந்திட்டம் ‘மூலோபாயம்’. கிரிக்கெட் அணித்தலைவர் களத்தடுப்பை மாற்றுவது தந்திரோபாயம். பணம் கிடைக்காது என்று தெரிந்து கண்கலங்கி நிற்கும் வாடிக்கையாளரை முதலில் உட்கார வைத்துவிட்டுப் பேசுவது தந்திரோபாயம் அல்ல. அதைத்தான் உங்கள் முகாமையாளர் பாராட்டியிருக்கிறார்.

‘தந்திரம்’ தொடக்கத்தில் கெட்ட சொல்லாக இருக்கவில்லை. சமஸ்கிருதத்தில் நெசவுத்தறிக்கும் பாவுநூலுக்கும் பெயராக இருந்து, ஒழுங்காக அமைந்த முறை, நூல் என்று பொருள் விரிந்தது. திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாகப் பகுக்கப்பட்டிருப்பது அந்தப் பழைய பொருளில்தான். அரசை நடத்தும் முறை என்ற பொருளில் ‘இராஜதந்திரம்’ பிறந்தது. சிங்களத்தில் வழங்கும் ‘ராஜ்ய தாந்த்ரிக’ என்ற சொல்லிலும் இருப்பது இதே தந்திரம்தான். தனியே நின்ற தந்திரம் காலப்போக்கில் சூழ்ச்சி என்ற பள்ளத்தில் இறங்கிவிட்டது. கூட்டுச்சொல்லில் நின்றது மட்டும் மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டது.

இலங்கையில் ‘இராஜதந்திர’ என்பது நாடுகளுக்கிடையிலான விவகாரங்களுக்கான சொல். இராஜதந்திர உறவு, இராஜதந்திரக் கடவுச்சீட்டு, கொழும்பு 7இல் உள்ள பண்டாரநாயக்க சர்வதேச இராஜதந்திரப் பயிற்சி நிறுவனம், 1961ஆம் ஆண்டின் வியன்னா இராஜதந்திர உறவுகள் சமவாயம் என்று அது ஒரே பாதையில் போகிறது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் இதே இடத்தில் ‘தூதரக உறவு’ என்ற தொடரும் வரும். அங்கே ‘ராஜதந்திரி’ என்றால் கெட்டிக்கார அரசியல்வாதி என்றும் கொள்வார்கள். நம்மிடம் இராஜதந்திரி என்றால் வெளிநாட்டுச் சேவையில் இருப்பவர். அதனால்தான் உங்கள் முகாமையாளருக்குத் தூதுவர் நினைவு வந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ‘இராஜதந்திர ரீதியாக’ என்றால் அரசுகளின் உத்தியோகபூர்வ வழியால் என்று பொருள். ‘பிரச்சினை இராஜதந்திர ரீதியாகத் தீர்க்கப்பட்டது’ என்று எழுதினால் இரு அரசுகளின் பிரதிநிதிகள் பேசினார்கள் என்று வாசகர் விளங்கிக்கொள்வார். ‘இராஜதந்திரமாக’ என்று எழுதினால், அந்த ‘ஆக’ என்ற விகுதி சொல்லை நாட்டிலிருந்து ஆளுக்கு இறக்கிவிடுகிறது. ‘அவர் இராஜதந்திரமாகப் பதில் சொன்னார்’ என்ற வாக்கியத்தில் பிடிகொடுக்காமல் நழுவினார் என்ற வாடை வந்துவிடும். நம்மவர்கள் பேச்சில் ‘டிப்ளோமட்டிக்கா சொல்லிட்டார்’ என்பதும் இந்த வாடையோடுதான். ஆகவே அலுவலகப் படிவத்தில் இராஜதந்திரமும் வேண்டாம்.

நல்ல இராஜதந்திரம் நழுவல் அல்ல என்பதற்கு நம் இலக்கியத்திலேயே பழைய சாட்சி இருக்கிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். உங்கள் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன என்கிறார். அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் (புறநானூறு 95). சொன்னதில் பொய் இல்லை, ஏச்சு இல்லை. ஆனால் போருக்குப் பழகிய படை எது என்பது கேட்டவனுக்குத் தெரிந்துவிட்டது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

இனி உங்கள் படிவத்துக்கு வருவோம். ‘டெக்ட்’ என்ற ஒரு சொல்லுக்குள் ஆங்கிலம் அடக்கி வைத்திருப்பதைத் தமிழ் நாலைந்து சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. எனவே ஒரே சொல்லைத் தேடாமல், அந்த ஊழியர் என்ன செய்கிறார் என்று முகாமையாளரிடம் கேட்டுவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே நிலைமையை விளங்கிக்கொள்பவர் என்றால் ‘இங்கிதம்’ பொருந்தும். சமஸ்கிருதத்தில் இந்தச் சொல் உள்ளக்கிடக்கையைக் காட்டிவிடும் மெய்க்குறிப்பைச் சுட்டியது. திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்று தனி அதிகாரம் வைத்த திறமை இது. பிறகு தமிழில், அந்தக் குறிப்பை அறிந்து அதற்கேற்ப நடக்கும் பண்புக்கே பெயராகிவிட்டது. துக்க வீட்டில் காணி விலை பேசுபவரை ‘இங்கிதம் தெரியாதவர்’ என்கிறோம் அல்லவா? அவருடைய சொற்களில் பிழை இல்லை, இடத்தை அறியவில்லை. என் தீர்ப்பில் ‘டெக்ட்’ என்பதற்கு மிக அருகில் வரும் தமிழ்ச்சொல் இதுதான்.

சொல்லும் விதத்தில்தான் திறமை என்றால் ‘நயம்’. ‘நயமாக எடுத்துச் சொல்பவர்’ என்பது நல்ல வாக்கியம். ஆனால் ‘நயமாகப் பேசுபவர்’ என்று மொட்டையாக விட்டால் நயவஞ்சகத்தின் நிழல் விழும். ‘எடுத்துச் சொல்பவர்’ என்ற வினை வந்தால் அந்த நிழல் போய்விடும். ‘பக்குவம்’ சமையலறையிலிருந்து வருவது. வெந்தது, பழுத்தது என்பது அதன் வேர். கேட்பவர் தாங்கக்கூடிய பதத்தில், தாங்கக்கூடிய நேரத்தில் சொல்வது பக்குவமாகச் சொல்வது. கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டிய வேலைகளில் இருப்பவருக்கு இது மிகப் பொருத்தம். ‘சமயோசிதம்’ என்பது அந்தக் கணத்தில் தோன்றும் சரியான யோசனை. தீப்பிடித்தபோது மின்சாரத்தை நிறுத்தியவருக்கும் அது பொருந்துமாதலால், பிறர் மனம் என்ற பொருள் அதில் கட்டாயமில்லை. ‘சாதுரியம்’ கெட்டிக்காரத்தனம். விற்பனைப் பிரிவுக்குப் பாராட்டு, முறைப்பாட்டுப் பிரிவுக்குச் சற்று ஆபத்து. ‘நாசூக்கு’ பாரசீகச் சொல்லொன்றின் வழி வந்தது, மென்மை என்று பொருள். பேச்சுக்கு அழகான சொல், படிவத்துக்குக் கனம் போதாது.

இரண்டு சொற்களுக்கிடையில் தடுமாறினால் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: பேசியவருடைய நோக்கம் கேட்டவருக்கு அப்போதே தெரிந்திருந்தால் அவர் என்ன நினைத்திருப்பார்? ‘ஏமாற்றப் பார்த்தார்’ என்று நினைப்பாரானால் அது தந்திரம். ‘என் மனதைப் பார்த்துப் பேசினார்’ என்று நினைப்பாரானால் அது இங்கிதம்.

உங்கள் ஊழியருக்கு நான் இப்படி எழுதுவேன்: ‘வாடிக்கையாளர்களின் மனநிலையை அறிந்து இங்கிதமாகப் பழகுபவர், மறுக்க வேண்டிய விடயங்களையும் பக்குவமாக எடுத்துச் சொல்பவர்.’ ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக இருந்தது தமிழில் இரண்டு வாக்கியமானால் தவறில்லை. பதவி வெற்றிட விளம்பரத்தில் இடம் குறைவு என்றால் ‘இங்கிதமாகப் பழகும் ஆற்றல்’ போதும். படிவத்தில் சிங்களப் பகுதியும் இருந்தால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்களத்தில் ‘உபாயசீலீ’ என்பது நல்ல பொருளில் வழங்குகிறது. அதைப் பார்த்துத் தமிழில் ‘உபாயமாக’ என்று எழுதிவிட்டால் பழைய பள்ளத்துக்கே திரும்பி வந்துவிடுவீர்கள்.

மறுப்புக் கடிதங்கள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதிகம் எழுத வேண்டியது இதைப் பற்றித்தான், ஏனென்றால் அங்கே ஒரு குடும்பம் பணத்துக்காகக் காத்திருக்கிறது.

வழக்கமாக இரண்டு வகையில் பிழை நடக்கிறது. ஒன்று வெட்டொன்று துண்டிரண்டு: ‘தங்களது கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. தாங்கள் உரிய காலத்துக்குள் ஆவணங்களைச் சமர்ப்பிக்கத் தவறியுள்ளீர்கள்.’ மற்றது பூசி மெழுகுவது: ‘தங்களது மேலான கோரிக்கை மிகுந்த அக்கறையுடன் பரிசீலிக்கப்பட்டதைத் தாழ்மையுடன் அறியத்தருவதோடு, தற்போதைய நிலையில் சாதகமானதொரு தீர்மானத்தை எட்டுவதில் சில சிரமங்கள் காணப்படுகின்றன என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.’ இந்த இரண்டாவது கடிதம்தான் அதிகக் கொடுமை. வாசிப்பவருக்குப் பணம் வருமா வராதா என்றே தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார், பிறகு பஸ் ஏறி உங்கள் கருமபீடத்துக்கு வருவார். மேன்முறையீட்டுக்கான நாட்களும் அதற்குள் ஓடிவிடும்.

உதாரணமாக இப்படி எழுதிப் பாருங்கள்:

‘ஜூன் 3ஆம் திகதியிட்ட உங்கள் கோரிக்கை கிடைத்தது. வைத்தியசாலைச் செலவை இந்தக் காப்புறுதியின் கீழ் வழங்க இயலாதுள்ளமைக்கு வருந்துகிறோம். வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பி 90 நாட்களுக்குள் பற்றுச்சீட்டுகள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு கூறுகிறது. உங்கள் பற்றுச்சீட்டுகள் 112ஆம் நாளில் கிடைத்தன. உடல்நிலை காரணமாகத் தாமதம் ஏற்பட்டிருந்தால், வைத்தியரின் கடிதத்துடன் ஜூலை 15ஆம் திகதிக்கு முன்னர் மேன்முறையீடு செய்யலாம்.’

நாட்களும் பிரிவு எண்ணும் உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளபடி மாறும். அமைப்பைப் பாருங்கள்: முடிவு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிட்டது, காரணம் எண்ணோடு வந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்பது திகதியோடு வந்தது. மேன்முறையீட்டுக்கு வழியே இல்லையென்றால் அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதக்கூடாது. பொய்யான நம்பிக்கை கொடுப்பது இங்கிதம் அல்ல.

இப்போது வினைச்சொற்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ‘நீங்கள் தாமதித்தீர்கள்’ என்று எழுதாமல் ‘பற்றுச்சீட்டுகள் 112ஆம் நாளில் கிடைத்தன’ என்று எழுதியிருக்கிறோம். தமிழில் ஒரே நிகழ்ச்சிக்குப் பெரும்பாலும் இரட்டை வினைகள் உண்டு: உடைத்தான் – உடைந்தது, தவறவிட்டார் – தவறிவிட்டது, விட்டுவிட்டீர்கள் – விடுபட்டுள்ளது. வீட்டில் கண்ணாடிக் குவளை விழுந்தால் ‘உடைச்சிட்டாய்’ என்பதற்கும் ‘உடைஞ்சிட்டுது’ என்பதற்கும் உள்ள தூரம் குழந்தைக்குக்கூடத் தெரியும். படிவத்தில் குறை இருந்தால் ‘நீங்கள் அடையாள அட்டை இலக்கத்தை எழுதவில்லை’ என்பதை ‘4ஆம் பகுதியில் அடையாள அட்டை இலக்கம் விடுபட்டுள்ளது’ என்று மாற்றுங்கள். தகவல் ஒன்றும் குறையவில்லை, சுட்டுவிரல் மட்டும் இறங்கிவிட்டது. இந்த இடத்தில் ‘எழுதப்படவில்லை’ என்று செயப்பாட்டுவினை போட்டால் பயன் குறைவு. எழுதாதவர் யார் என்ற கேள்வியை அது உள்ளே வைத்திருக்கிறது.

‘மாட்டோம்’ என்பது மனமில்லாமை, ‘இயலாது’ என்பது வழியில்லாமை. ‘தரமாட்டோம்’ என்று எழுதினால் தரக்கூடியதை மறுப்பதாகிவிடும். இடைச்சொற்களையும் கவனியுங்கள். ‘கையொப்பம்கூட இல்லை’, ‘முகவரியையாவது சரியாக எழுதியிருக்கலாம்’, ‘நீங்கள்தானே கையொப்பமிட்டீர்கள்’ என்ற வாக்கியங்களில் கடுஞ்சொல் எதுவும் இல்லை. கூட, ஆவது, தானே என்ற சின்னஞ்சிறு முட்கள்தான் குத்துகின்றன. கடிதத்தை அனுப்பும் முன் இந்த மூன்றையும் தேடி எடுத்துவிடுங்கள்.

உங்கள் துறையில் மரண இழப்பீட்டுக் கடிதங்களும் உண்டு. செத்தார் என்று சொல்லாமல் துஞ்சினார் என்று சொல்வதை ‘மங்கலம்’ என்று நன்னூல் மரபு வகுத்திருக்கிறது. கடிதத்தின் முதல் வாக்கியத்தில் ‘உங்கள் கணவர் காலமான செய்தி அறிந்து ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவிக்கிறோம்’ என்று எழுதுங்கள். ‘சிவபதமடைந்த’, ‘இறைபதமடைந்த’, ‘வபாத்தான’ என்பவை அந்தந்தச் சமயத்தவர் தமக்குள் வழங்குபவை. பெயரைப் பார்த்துச் சமயத்தை ஊகித்து எழுதினால் கொழும்பில் ஒருநாள் கட்டாயம் பிழையாகிவிடும். ‘காலமான’ எல்லாருக்கும் பொருந்தும். ஆனால் ஒப்பந்தப் பிரிவை எடுத்துக்காட்டும் இடத்தில் ‘மரணம்’ என்ற சொல்லையே வையுங்கள். அங்கே மென்மைக்காக ‘பிரிவு’ என்றோ ‘மறைவு’ என்றோ மாற்றினால், நட்டஈடு எதற்குக் கிடைக்கும் என்பதே மங்கிப்போகும்.

நேரில் பேசும் ஊழியர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தாருக்கு ‘நீர்’ என்பது நீயை விட உயர்ந்து நீங்களை விடத் தாழ்ந்த, நெருக்கமான சொல். அந்த வழக்கம் இல்லாத வாடிக்கையாளருக்கு அதே ‘நீர்’ சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கும். அதேபோல் வடக்கில் ‘அவ’ என்றால் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் மரியாதை. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம், ‘உங்கள் அம்மா, அவ எப்ப வந்தவ?’ என்று கேட்டால் அவர் முகம் சுருங்கும். பல ஊர்த் தமிழ் வந்து சேரும் கருமபீடத்தில் ‘நீங்கள்’, ‘அவர்’ இரண்டும்தான் பாதுகாப்பு.

எவ்வளவு சொல்லலாம், எதை விடலாம் என்ற சந்தேகம் வந்தால் திருக்குறளின் ‘தூது’ அதிகாரத்தைப் பாருங்கள். ‘கடனறிந்து காலங் கருதி இடனறிந்து எண்ணி உரைப்பான் தலை’ (687) என்பது எப்படிச் சொல்வது என்பதற்கு. ஆனால் அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் (690), தன் உயிருக்கே முடிவு வரினும் ‘எஞ்சாது’, அதாவது சொல்ல வேண்டியதில் எதையும் குறைக்காமல், தன் அரசனுக்கு நன்மை செய்பவனே தூதன் என்கிறது. சொல்லும் முறையை மென்மையாக்கலாம், செய்தியைக் குறைக்கக்கூடாது.

கடைசியாக அந்தப் படிவம். திருத்திய பிரதியில் முகாமையாளர், ஊழியர் இருவரிடமும் மீண்டும் கையொப்பம் வாங்குங்கள். பழைய பிரதியைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, ‘தமிழ் மொழிபெயர்ப்பு திருத்தப்பட்டது, ஆங்கில மதிப்பீட்டில் மாற்றமில்லை’ என்ற குறிப்பைத் திகதியோடு வையுங்கள். திருத்திய பிரதியைக் கடிதத்தோடு அனுப்பாமல் நீங்களே அந்த ஊழியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்போது மட்டும் நான் மேலே சொன்ன வினை மாற்றத்தைக் கையாளாதீர்கள். ‘பிழை ஏற்பட்டுவிட்டது’ என்று சொல்ல வேண்டாம். “முகாமையாளர் உங்களைப் பாராட்டித்தான் எழுதியிருந்தார், நான்தான் தமிழில் பிழையாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிக் கொடுங்கள்.